போர்டு எடுத்து வருவதற்குள்

மெத்தையின் மூலையை ஒரு கை தூக்கிப் பிடிக்கிறது. மற்றொரு கை வெள்ளை விரிப்பின் ஓரத்தை அடியில் செருகி, தொங்குகிற மடிப்பைச் சாய்வாக மடக்கி, உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்க்கிறது. சுருக்கம் போயிற்றா என்று கண் பார்ப்பதில்லை, விரல் நுனிதான் பார்க்கிறது. நான்கு மூலையும் முடிந்த பிறகு அதே கை மேலங்கிப் பைக்குள் போய் செல்போனை எடுக்கிறது. கட்டைவிரல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துகிறது. ‘வாட்டர் கேம் ஃப்ரம் த ஏசி.’ ஒரு புள்ளி. ‘பாப்பா வைப்டு த வாட்டர்.’ இன்னொரு புள்ளி. பிறகு போன் பைக்குள் போகிறது, கைகள் தலையணை உறைக்குப் போகின்றன.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரி ரூத். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்துக் கட்டிய ஒரு சொகுசு விடுதியில் அறைகளைச் சீர்செய்யும் பிரிவில் வேலை. வீடு திருப்போரூர்ப் பக்கம். அவளுடைய அம்மாவும் அப்பாவும் பிறர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். ரூத் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தாள். படிப்பு நின்றதே தவிர, எழுத்தைக் கண்டால் நின்று பார்க்கிற பழக்கம் நிற்கவில்லை. ஷாம்பு புட்டியின் பின்புறம், தீயணைப்புக் கருவியின் மேல் ஒட்டிய தாள், விருந்தினர்கள் அறையைக் காலி செய்யும்போது மேசையில் எழுதி வைத்துவிட்டுப் போகிற நன்றிக் குறிப்பு, இவைதாம் அவளுக்கு ஆங்கிலப் பாடப் புத்தகம்.

ஆறு மாதத்துக்கு முன்பு விடுதிக்காரர்கள் எல்லோருடைய போனிலும் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் எதையாவது எழுதினால் அது உடனே திருத்திக் காட்டும். பிழை இருந்தால் சிவப்புக் கோடு. பிழை இல்லாமல் குட்டிக் குட்டி வாக்கியமாக இருந்தால் மேலே ஒரு மஞ்சள் வட்டம் வந்து, ‘உங்கள் வாக்கியங்கள் எளிமையாக இருக்கின்றன, இணைத்துப் பாருங்கள்’ என்று சொல்லும். இணைத்து நீளமாக எழுதினால் வட்டம் பச்சையாகும். வேலையாட்கள் அதற்குக் ‘கோச்சு’ என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலோர் அது காட்டியதை அழுத்திப் பச்சையாக்கிவிட்டு மறந்துபோனார்கள். ரூத் அப்படி விடவில்லை. ஏன் சிவப்பு, எதை மாற்றினால் பச்சை என்று அதோடு மல்லுக்கட்டினாள். ஒரே வாக்கியத்தை ‘அண்ட்’ போட்டு எழுதிப் பார்ப்பாள், ‘ஸோ’ போட்டு எழுதிப் பார்ப்பாள். எதற்குக் கோச்சு முறைக்கிறது, எதற்கு இளிக்கிறது என்று திருப்போரூரிலிருந்து விடுதி இருக்கும் நெம்மேலிக்கு வரும் வழியெல்லாம் பேருந்தில் இதே ஆராய்ச்சிதான். பச்சை அதிகம் வாங்குகிறவர்களை மேற்பார்வையாளர் ஆக்குவார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சில் அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை.

இன்று எழுதிக்கொண்டிருந்தது பயிற்சி இல்லை. நேற்று முற்பகலில் தரைத்தள நடைவழியில் ஒரு விருந்தாளி வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் பாப்பா. ஐம்பதை நெருங்கும் பாப்பா ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆள், விடுதியின் சொந்த வேலையாள் இல்லை. ஒரு புகார் வந்தால் போதும், ஒப்பந்தக்காரருக்குப் போன் போகும், மறுநாள் வேறு ஆள் வந்து நிற்கும். போன வருடம் தோட்டத்தில் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. விழுந்தவர், ‘தரை ஈரமாக இருந்தது, எச்சரிக்கைப் பலகை இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். அது பொய்யில்லை. நடந்ததை முழுதாகப் பார்த்தவள் ரூத் ஒருத்திதான், நடைவழியின் மறுகோடியில் தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தாள். ஆகவே தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டிய அறிக்கையை அவளே எழுதவேண்டும், ஆங்கிலத்தில் எழுதவேண்டும், கோச்சில் பச்சை வாங்கி இன்று மாலைக்குள் கொடுக்கவேண்டும் என்று டூட்டி மேனேஜர் ஹேமந்த் சொல்லியிருந்தான்.

ரூத் முதலில் எழுதியது ஆறு குட்டி வாக்கியங்கள். ஏசியிலிருந்து தண்ணீர் வந்தது. பாப்பா தண்ணீரைத் துடைத்தாள். மறுபடி வந்தது. பாப்பா போர்டு எடுக்கப் போனாள். கெஸ்ட் வந்தார். விழுந்தார். சிவப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் வட்டம் மஞ்சள். கோச்சு தானாகவே இரண்டை இணைத்துக் காட்டியது. ‘பிகாஸ் பாப்பா வென்ட் டு பிரிங் த போர்டு, த கெஸ்ட் ஃபெல்.’

பிகாஸ் என்றால் ஏனென்றால். பாப்பா போர்டு எடுக்கப் போனதால் கெஸ்ட் விழுந்தார். ரூத்துக்குப் பகீர் என்றது. இரண்டு வாக்கியமாக இருந்தபோது பாப்பா தன் பாட்டுக்குப் போனாள், கெஸ்ட் தன் பாட்டுக்கு விழுந்தார். நடுவில் ஒரு சொல்லைப் போட்டதும் பாப்பாவே பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

அவளே சொந்தமாக இணைத்துப் பார்த்தாள். மனதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டாள்: பாப்பாக்கா போர்டு எடுத்துகினு வர்றதுக்குள்ள அந்தாளு வந்து வுழுந்துட்டாரு. இதுதான் நடந்தது, இதற்கு மேல் ஒரு சொல் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். ‘உள்ள’ என்றால் இன்சைட் என்று அவளுக்குத் தெரியும், அறைக் கதவுகளிலேயே எழுதியிருக்கிறது. எழுதினாள். ‘இன்சைட் பாப்பா பிரிங்கிங் த போர்டு, த கெஸ்ட் கேம் அண்ட் ஃபெல்.’

சிவப்புக் கோடு பளிச்சென்று விழுந்தது. அடியில் திருத்தம் வந்தது. ‘வைல் பாப்பா வாஸ் இன்சைட், பிரிங்கிங் த போர்டு, த கெஸ்ட் கேம் அவுட் அண்ட் ஃபெல்.’ அவள் போட்ட இன்சைட் அப்படியே இருந்தது, பாப்பா இருந்தாள், போர்டு இருந்தது. நீள வாக்கியம். வட்டம் பச்சை. ரூத் அதை ஒரு தரம் படித்தாள். தான் நினைத்ததையே கோச்சு கோட்டு சூட்டு மாட்டி அனுப்பியிருக்கிறது என்று நினைத்து, ஹேமந்துக்கு அனுப்பிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஹேமந்த் வேலையாட்கள் சாப்பிடும் கூடத்துக்கே வந்துவிட்டான். செங்கல்பட்டுக்காரன், வயதில் இவளுக்குத் தம்பி, பதவியில் மேலே. பாப்பா சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ரூத்தக்கா, பச்ச வாங்கிட்டீங்க, சந்தோஷம். ஒண்ணு கேக்கணும். பாப்பாம்மா உள்ள இருந்தாங்களா?”

“எதுக்குள்ள சார்?”

“அதான் நானும் கேக்குறேன். கெஸ்ட் வெளிய வந்து விழறப்போ பாப்பா உள்ள இருந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. எந்த ரூமுக்குள்ள?”

பாப்பா கரண்டியைக் கீழே வைத்தாள். “இன்னாடி ரூத்து இது. நான் எங்கடி உள்ள இருந்தேன்? போர்டு எடுக்க ஓடுனவள உள்ள வச்சுப் பூட்டிட்டியா?”

“நான் அப்படி எழுதல பாப்பாக்கா. நான் வர்றதுக்குள்ளன்னுதான் எழுதினேன்.”

“உள்ளன்னு எழுதினா உள்ளதான் இருப்பாங்க. மேலிடத்துல இன்னா நெனப்பான், தண்ணிய வெளிய வுட்டுட்டு இந்தம்மா ஏசி காத்துல உக்காந்துகினு இருந்துச்சுன்னு நெனப்பான்.”

ஹேமந்த் சிரிக்கவில்லை. “அப்படித்தான் நினைப்பாங்க. நானே அப்படித்தான் நினைச்சேன். இத நான் இன்னும் அனுப்பல. அனுப்பினா நாளைக்குப் பாப்பாம்மா இங்க இருக்க மாட்டாங்க. சாயந்தரத்துக்குள்ள மாத்திக் குடுங்க.”

“சாயந்தரத்துக்குள்ள” என்று ரூத் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அதே உள்ளேதான். மாலைக்குள்ளே யாரும் போய் உட்காரப் போவதில்லை. இத்தனை வருடம் வாயில் புழங்கிய சொல், இடத்தைச் சொல்கிற சொல்லை எடுத்து நேரத்துக்குப் போட்டிருக்கிறோம் என்று இன்றுதான் தெரிந்தது. எரிச்சல் வரவேண்டிய நேரத்தில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. வெள்ளைக்காரன் இதற்கு என்ன சொல்வான்? அவனுக்கும் ஓட்டமும் அவசரமும் இருக்குமே.

சாப்பிட்டுக் கை கழுவியதும் பாப்பாவைத் துணி அடுக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துண்டுகளை மடித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தாள். பாப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதுவே வசதியாகப் போயிற்று. எழுதியதை ரூத் திரும்பத் தமிழாக்கிச் சொல்வாள், பாப்பா தீர்ப்புச் சொல்வாள்.

‘வென்’ போட்டாள். கோச்சு உடனே பச்சை காட்டியது.

“நீ போர்டு எடுக்கப் போனப்போ அவரு வுழுந்தாரு. இது செரியா?”

“போனப்போன்னா? நான் இன்னா டீ குடிக்கவா போனேன்? போன பொம்பள எப்ப வந்தான்னு கேக்க மாட்டான்?”

‘ஆஃப்டர்’ போட்டாள். அதற்கும் பச்சை.

“நீ போனதுக்கு அப்பால அவரு வுழுந்தாரு.”

“அப்பாலன்னா நான் போயி ரொம்ப நேரம் ஆன மாதிரி கீது. ஆள வுடு.”

‘ஆல்தோ’ என்று ஒன்று இருந்தது. அதன் தமிழ் ரூத்துக்குச் சட்டென்று பிடிபடவில்லை. போனில் பொருள் தேடி, “பாப்பா தொடைச்சிருந்தாலும் அவரு வுழுந்தாரு” என்றாள்.

பாப்பா கொஞ்சம் யோசித்தாள். “இது என் பக்கம் பேசுது. ஆனா நான் தொடைச்சது செரியில்லன்னும் சொல்லுதே. அது இன்னா பொயப்பு, ரெண்டு பக்கமும் பேசுறது?”

ரூத் சிரித்துவிட்டாள். கோச்சு எல்லாவற்றுக்கும் பச்சை கொடுக்கிறது. வென்னுக்கும் பச்சை, ஆஃப்டருக்கும் பச்சை, பாப்பாவை அறைக்குள் அடைத்ததற்கும் பச்சை. வாக்கியம் வாக்கியத்தோடு சேர்ந்ததா என்றுதான் அதற்குக் கணக்கு. எந்த ஆணி அடித்துச் சேர்த்தாய் என்று அது கேட்பதில்லை. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது, அது நேற்று அந்த நடைவழியில் நிற்கவில்லை.

மூன்று மணி வாக்கில் நீச்சல் குளத்துக்குத் துண்டு கொண்டுபோகிற முறை அவளுடையது. கூடையை வைத்துவிட்டுக் குளத்தோரப் பலகையின் மேல் படிந்திருந்த உப்பைத் துணியால் துடைத்தாள். கடற்காற்றுக்கு அது நாளும் படியும். ‘ப்ளீஸ் ஷவர் பிஃபோர் என்டரிங் த பூல்.’ குளத்தில் இறங்குவதற்கு முன் குளியுங்கள். எத்தனையோ தரம் துடைத்த எழுத்து. இன்று துணி நடுவில் நின்றது. இறங்குவதற்கு முன். வருவதற்கு முன். ‘முன்னாடி’ என்றால் பிஃபோர், அது தெரியும். ஆனால் முன்னாடி வேறு, உள்ளே வேறு என்றல்லவா வைத்திருந்தாள்? முன்னாடியில் ஒன்று முதலில் வரும், மற்றொன்று பின்னால் வரும், அவ்வளவுதான். உள்ளே என்று சொன்னால் அதில் ஒரு பந்தயம் இருக்கிறது. இவள் வரவேண்டும் என்று ஓடுகிறாள், அதற்குள் அது நடந்துவிடுகிறது.

திரும்பி வந்து எழுதினாள். ‘பாப்பா வென்ட் டு பிரிங் த போர்டு. பிஃபோர் ஷி கேம் பேக், த கெஸ்ட் கேம் அவுட் அண்ட் ஃபெல்.’ சிவப்பு இல்லை.

“நீ போர்டு எடுக்கப் போன. திரும்பி வர்றதுக்கு முன்னாடி அவரு வெளிய வந்து வுழுந்துட்டாரு.”

பாப்பா மடித்த துண்டைத் தட்டில் வைத்தாள். “இது நடந்தது. ஆனா நான் ஓடுனது எங்கடி?”

அதுதான் ரூத்துக்கும் இடித்தது. தமிழில் வர்றதுக்குள்ள என்றால் ஓடினது அதிலேயே அடங்கிவிடும். இங்கே பிஃபோர் அந்தச் சுமையைத் தூக்கவில்லை. அப்படியானால் வேறொரு சொல்லின் தலையில் ஏற்றவேண்டும். ‘வென்ட்’டை எடுத்துவிட்டு ‘ரேன்’ என்று போட்டாள். போனாள் என்பது ஓடினாள் என்று ஆயிற்று.

“போர்டு எடுத்தார ஓடுன. திரும்பி வர்றதுக்கு முன்னாடி அவரு வுழுந்துட்டாரு.”

“ஆங். இது நானு” என்றாள் பாப்பா.

இன்னும் முதல் வாக்கியம் பாக்கி. கோச்சின் வட்டம் மஞ்சளும் பச்சையுமாக ஊசலாடியது. ஒன்றை இணைத்தால் முழுப் பச்சை என்று அதுவே வழியும் காட்டியது. ஏசியிலிருந்து தண்ணீர் வந்தது, பாப்பா தண்ணீரைத் துடைத்தாள் என்று இரண்டாக இருப்பதை, ‘பாப்பா வைப்டு த வாட்டர் தட் கேம் ஃப்ரம் த ஏசி’ என்று ஒன்றாக்கலாம். ரூத் தமிழாக்கினாள்.

“ஏசிலேர்ந்து வந்த தண்ணிய நீ தொடைச்ச.”

“செரிதான். அதுல இன்னா தப்பு?”

தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் ரூத்தின் விரல் அழுத்த மறுத்தது. அவள் இரண்டையும் மாற்றி மாற்றி வாய்க்குள் சொன்னாள். ஏசிலேர்ந்து தண்ணி வந்துச்சு. ஏசிலேர்ந்து வந்த தண்ணிய பாப்பா தொடைச்சா. முதலாவதைக் கேட்டால் ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. இரண்டாவதைக் கேட்டால் ஒழுங்காகத் துடைத்தாளா என்று கேட்கத் தோன்றுகிறது. தண்ணீர் அங்கேயும் இருக்கிறது, ஏசி அங்கேயும் இருக்கிறது, ஆனால் இரண்டும் பாப்பாவின் துடைப்பானுக்கு அடியில் ஒளிந்துகொள்கின்றன. தமிழிலும் அப்படித்தான் இருக்கிறது, ஆங்கிலத்திலும் அப்படித்தான் இருக்கிறது. இது அவளுக்கு அன்றைய நாளின் பெரிய ஆச்சரியம்.

“இத சேக்கப் போறதில்ல பாப்பாக்கா. இது தனியாவே நிக்கட்டும்.”

“தனியா நின்னா உன் பச்ச வௌக்கு எரியாதே.”

“எரியாது.”

“அப்பறம் உனக்கு சூப்பர்வைசரு?”

“அது கெடக்கு.”

“கெடக்கா? மாசக்கணக்கா பஸ்ஸுல அந்தப் போனோட பேசிகினு வந்தியே, பைத்தியமான்னு கண்டக்டரு எங்கிட்ட கேட்டான்.” பாப்பா அடுத்த துண்டை எடுத்து, “எது செரின்னு உனக்குத்தான் தெரியும், செய்யி” என்றாள்.

வேலை முடியும் நேரத்தில் முன்கூடத்துக் கணினியில் அறிக்கையை ஏற்றி அச்செடுத்தாள் ரூத். தாளின் தலைப்பிலேயே மஞ்சள் வட்டமும் அச்சாகியிருந்தது. மேனேஜர் அறையில் ஹேமந்த் யாரிடமோ போனில் பேசி முடிக்கும்வரை வெளியே நின்றாள். பிறகு உள்ளே போய் மேசைமேல் வைத்தாள்.

“மஞ்சளா இருக்கே அக்கா.”

“ஆமா சார். ஒரு எடத்துல சேக்கச் சொல்லுது. நான் சேக்கல.”

“ஏன், சேர்க்கத் தெரியலையா? நான் சேர்த்துத் தரேன்.”

“தெரியுது சார். சேத்தும் பாத்தேன். சேத்தா வேற மாதிரி ஆவுது. நீங்க ஒருதரம் படிங்க, சேக்கணும்னு தோணிச்சுன்னா சேக்கறேன்.”

ஹேமந்த் தாளை எடுத்தான். அவன் கண் முதல் வரியில் ஓடி, இரண்டாவதற்குப் போய், பாப்பா ஓடிய இடத்தைத் தாண்டி, விழுந்தவரோடு முடிந்தது. மறுபடி முதல் வரிக்கு வந்தது. அவன் மத்தியானம் கேட்ட கேள்வியை இப்போது கேட்கவில்லை.

“அந்த ஏசி எப்பத்துலேர்ந்து ஒழுகுது?”

“போன வாரத்துலேர்ந்து சார். மெயின்டனன்ஸ்ல பாப்பாக்கா சொல்லிச்சு. நானும் சொன்னேன்.”

“அத இதுல எழுதலையே.”

“நேத்து நடந்தத மட்டும் எழுதச் சொன்னீங்க.”

“எழுதிடுங்க. இதுதான் அவங்க கேக்கப் போற கேள்வி. வட்டத்தப் பத்திக் கேட்டா நான் சொல்லிக்கறேன்.”

ரூத் பேனாவை வாங்கி, முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவிலிருந்த இடுக்கில் பொடி எழுத்தில் எழுதினாள். ‘தி ஏசி இஸ் லீக்கிங் சின்ஸ் லாஸ்ட் வீக். வி டோல்டு மெயின்டனன்ஸ்.’ இரண்டு வாக்கியம், இரண்டு புள்ளி.

ஹேமந்த் எட்டிப் பார்த்தான். “ஹாஸ் பீன் லீக்கிங்னு வரும்.”

“இஸ் ஏன் வராது சார்? இன்னும் ஒழுகிகினுதானே இருக்கு?”

“சின்ஸ் வந்தா...” அவன் நிறுத்தி நெற்றியைத் தேய்த்தான். “எனக்கும் ஏன்னு சொல்லத் தெரியல அக்கா. அப்படித்தான் வரும். நாளைக்குப் பாத்து சொல்றேன்.”

“நானும் பாக்கறேன் சார்.”

அவள் ‘இஸ்’ஸை ஒரு கோட்டால் அடித்து, மேலே ‘ஹாஸ் பீன்’ என்று எழுதினாள். அடியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மை காயும்வரை தாளைக் கையிலேயே வைத்திருந்து, எழுத்து அவனைப் பார்க்கும்படி திருப்பி, இரண்டு கையாலும் ஹேமந்திடம் கொடுத்தாள்.